சன்னல் பக்கம் திரும்பாத தளபதி

(செம்பாக்கத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு ஒரு ஜெர்மன் தளபதியைப் பற்றி என்று தெரிந்ததும், "ரோம்மல்தானே?" என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். நம் ஊரில் ஜெர்மன் தளபதி என்றால் ரோம்மல்தான். பாலைவனம், டாங்கி, தொப்பிமேல் மாட்டிய கண்ணாடி. அவரைப் பற்றி வேண்டிய அளவு புத்தகங்கள் கிடைக்கின்றன. நான் எடுத்துக்கொண்டவர் அவ்வளவு பெயர்பெற்றவர் அல்ல, பெயர் மட்டும் ரொம்ப நீளம்: ஃப்ரிடோலின் ஃபான் செங்கர் உண்ட் எட்டர்லின். செங்கர் என்று வைத்துக்கொள்வோம்.

இவர் எதற்கு நமக்கு? அதைச் சொல்ல ஜெர்மனிக்குப் போகவேண்டாம், காஞ்சிபுரம் வரை போனால் போதும். அங்கே கீழ் ஒட்டிவாக்கம் என்று ஒரு கிராமம். அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. நாம் உட்கார்ந்திருக்கிற செம்பாக்கமும் அன்று அதே ஜில்லாதான்; இப்போது தாம்பரம் மாநகராட்சி. அந்தக் கிராமத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் 11ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனி. பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட அந்தப் படையில் வீரர்களைத் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள், இன்றும். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் ரோமுக்குத் தெற்கே மிஞ்ஞானோ. சண்டை அந்த ஊரைத் தாண்டிப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. விட்டுப்போன கண்ணிவெடிகளை எடுக்க ஒரு சிறு குழு நடந்துபோகிறது. முன்னால் ஒருவர் கருவியால் தரையைத் துழாவிக்கொண்டு போகிறார், சுப்பிரமணியன் பின்னாலேயே, அவருக்குப் பின்னால் மற்றவர்கள். ஒரு கண்ணிவெடி மிதிபட்டுவிட்டது. ஜெர்மன்காரர்களின் எஸ்-மைன். மிதித்ததும் வெடிக்காது. ஏறக்குறைய நான்கு விநாடி கழித்து ஒரு சின்ன மருந்து அதை மேலே தூக்கும், இடுப்பு உயரத்தில் வெடிக்கும், உள்ளே இருக்கும் 350 சொச்சம் இரும்புக் குண்டுகள் நாலாபக்கமும் சிதறும். அந்த நான்கு விநாடி சுப்பிரமணியனுக்குத் தெரியும், அதுதான் அவர் தொழில். ஓடவில்லை. அதன்மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டார். அவர் இறந்தார், மற்றவர்கள் பிழைத்தார்கள். அதே வருடம் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வீர விருதை அறிவித்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் மிஞ்ஞானோ கணவாயைக் காத்து, மெல்ல மெல்லப் பின்வாங்கி, போகும் வழியெல்லாம் கண்ணிவெடி விதைத்துப்போனது ஜெர்மன் ராணுவத்தின் 14ஆவது பான்சர் கோர். இரண்டு மூன்று டிவிஷன்கள் சேர்ந்தால் ஒரு கோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தளபதிதான் செங்கர். சுப்பிரமணியன் என்று ஒருவர் இருந்தார் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தச் சுபேதாரின் சாவை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தத் தளபதியின் வாழ்க்கையைப் படிக்கவேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் செங்கர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இன்று இவ்வளவு நேரம் எடுத்துப் பேசத் தேவையே இருந்திருக்காது.

1891இல் சுவிட்சர்லாந்து எல்லையோரம் வால்ட்ஸ்ஹூட் என்ற ஊரில் பிறந்தவர். பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம். 1912இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் படிக்கப் போனார். இரண்டு வருடத்தில் யுத்தம் வந்தது. கூடப் படித்தவர்கள் எதிரிப் படையில். 1917இல் கம்ப்ரே சண்டையில் தம்பி செத்துப்போனான். மொத்தமாகப் புதைத்த குழியைத் தேடிக் கண்டுபிடித்து, குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே தோண்டி, தம்பியின் உடலை எடுத்துக்கொண்டுபோய் முறையாக அடக்கம் செய்தார். யுத்தம் என்றால் என்னவென்று இவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது.

நடுவில் இருபது வருடம் குதிரைப்படை. 1940இல் பிரான்ஸில் ஒரு மோட்டார் பிரிகேடை நடத்தி, ரோம்மலோடு சேர்ந்து ஷெர்பூர் வரை போனார். பிறகு இரண்டு வருடம் டூரினில் யுத்த நிறுத்தக் குழுவில் கிட்டத்தட்ட ராஜதந்திரி வேலை. 1942 கடைசியில் ரஷ்யா: ஸ்டாலின்கிராடில் மாட்டிக்கொண்ட படையை மீட்கப் போன 17ஆவது பான்சர் டிவிஷன் இவர் கையில். மீட்க முடியவில்லை. அதையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. விரிக்கவேண்டியது கோர்சிகாவை.

1943 செப்டம்பர் 8. இத்தாலி ஜெர்மனியை விட்டு விலகி நேச நாடுகளிடம் சரணடைந்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. நேற்றுவரை கூட்டாளி, இன்று எதிரி. கோர்சிகா தீவில் ஜெர்மன் படைக்குப் பொறுப்பு செங்கர். அங்கிருந்த இத்தாலியர்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். சண்டையில் பிடிபட்ட இத்தாலிய அதிகாரிகள் சுமார் 200 பேர். மேலிடத்திலிருந்து உத்தரவு: அத்தனை பேரையும் சுட்டுவிடு.

அதே வாரங்களில் கிரீஸ் பக்கம் கெஃபலோனியா தீவிலும் இதே மாதிரி உத்தரவு போனது. அங்கே நிறைவேற்றினார்கள். ஆக்வி டிவிஷனின் இத்தாலியர்கள் சரணடைந்த பிறகு ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கோர்சிகாவில் செங்கர் மேலதிகாரி கெஸ்ஸல்ரிங்கைக் கூப்பிட்டு, இதைச் செய்யமாட்டேன் என்றார். கைதிகளைக் கப்பலேற்றிப் பத்திரமாக அனுப்பிவைத்தார். பிறகு தன் படையில் ஏறத்தாழ 30,000 பேரையும் தீவிலிருந்து வெளியேற்றினார். யுத்தத் தொழிலில் அது ஒரு நேர்த்தியான பின்வாங்கல். மறுத்ததற்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. கெஸ்ஸல்ரிங் கேட்டுக்கொண்டு விட்டுவிட்டார். அடுத்த மாதமே செங்கருக்கு இன்னும் பெரிய பதவி, 14ஆவது பான்சர் கோர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். யுத்தம் முடிந்தபிறகு ஜெர்மன் அதிகாரிகள் நூற்றுக்கணக்கானவர்கள் நீதிமன்றத்தில் சொன்னது ஒன்றே ஒன்று: உத்தரவை மறுத்திருந்தால் என்னையே சுட்டிருப்பார்கள். மறுத்தவர் இதோ இருக்கிறார். யாரும் சுடவில்லை, பதவி உயர்ந்தது. செங்கரின் சேவையிலேயே பெரிய சேவை இதுதான் என்று எனக்குப் படுகிறது. 200 உயிரோடு, பிற்காலத்தில் எத்தனையோ பேர் சொல்லப்போகிற ஒரு பொய்யையும் அவர் முன்கூட்டியே உடைத்துவைத்தார். அவருக்கே அது தெரியாது.

இனி கசினோ.

நேப்பிள்ஸிலிருந்து ரோமுக்குப் போகும் சாலை, இரண்டு பக்கமும் மலை. நடுவில் ராப்பிடோ ஆறு. ஆற்றுக்கு மேலே கசினோ ஊர், ஊருக்கு மேலே செங்குத்தான மலை, மலை உச்சியில் புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் நிறுவிய மடம். செங்கர் பெனடிக்டின் சபையோடு தொடர்புடைய இல்லறத்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் மடத்துச் சிஷ்யர். ஆக, தன் குருபீடத்தின் காலடியிலேயே அவர் போர்முனை போடவேண்டி வந்தது.

போட்டார், மிகத் திறமையாக. ஆற்று நீரைத் திருப்பிவிட்டு வயல்களைச் சேறாக்கினார்கள். கரையெல்லாம் கண்ணிவெடி. பாறையை வெடிவைத்துக் குடைந்து நாலைந்து பேர் மட்டும் பதுங்கும் குழிகள், மலைக்கு அந்தப் பக்கம் மறைவில் மார்ட்டர்கள். செங்கர் தினமும் மலையேறி முன்னணிக்குப் போவார். 1944 ஜனவரி 20இல் அமெரிக்காவின் 36ஆவது டிவிஷன் ஆற்றைக் கடக்க முயன்று, இரண்டே நாளில் கிட்டத்தட்ட 1,700 பேரை இழந்தது: செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து. இதைப் பெரிய தாக்குதல் என்றே செங்கர் முதலில் நினைக்கவில்லையாம். அவ்வளவு சுலபமாக அது நின்றுபோனது.

பிப்ரவரியில் அமெரிக்கர்களின் இடத்துக்கு வந்தது நம் 4ஆவது இந்திய டிவிஷன். ராஜபுதனர், பஞ்சாபியர், கூர்க்காக்கள், பிரிட்டிஷ் பட்டாலியன்கள், கூட மதராஸ் சாப்பர்கள். உணவும் குண்டும் கோவேறு கழுதை முதுகில், இருட்டில் ஏறவேண்டும். மலையில் ஒரு ஆட்டுத்தடத்தை சாப்பர்கள் டாங்கி போகும் ரோடாக வெட்டினார்கள். அந்த டிவிஷனின் தளபதி ஃப்ரான்சிஸ் டக்கர். இந்த இடம் எனக்குப் பிடித்தமானது: மடத்தைப் பற்றி உளவுத்துறையிடம் ஒரு தகவலும் இல்லை என்று கோபப்பட்டு, அவரே நேப்பிள்ஸ் புத்தகக்கடைகளில் தேட ஏற்பாடு செய்து, 1879இல் வந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து அது பத்தடி கனச் சுவர் வைத்த கோட்டை என்று கண்டுபிடித்தார். படிக்கிற தளபதி. அதைப் படித்துவிட்டு, இதைத் தாக்கித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் விமானத்தால் தகர்த்துக்கொடுங்கள் என்று கேட்டார். அவருடைய உண்மையான யோசனை வேறு: இந்த மலையில் மோதவே கூடாது, வடக்கே மலைகளைச் சுற்றிப் போகவேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் செங்கரின் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். வடக்கில் பிரெஞ்சுப் படை மலை வழியாக வந்தபோதுதான் தனக்கு உண்மையான பயம் வந்தது, அங்கே இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கசினோவே கழன்றிருக்கும் என்று பின்னால் எழுதினார். இரண்டு பக்கத்திலும் விஷயம் தெரிந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நடந்தது மட்டும் வேறு. டக்கர் உடல்நலம் கெட்டுப் படுக்கையில் விழுந்துவிட்டார். டிவிஷன் மலையில் நேருக்கு நேர் மோதியது.

அதற்கு முன் குண்டுவீச்சு. இங்கே சன்னல் கதையைச் சொல்லவேண்டும். 1943 கிறிஸ்துமஸுக்குச் செங்கர் பூசைக்காக மடத்துக்குப் போயிருக்கிறார். மடம் நடுநிலை இடம், அங்கே ஜெர்மன் வீரன் யாரும் நுழையக்கூடாது என்பது இவர் பக்கத்து உத்தரவு. மடாதிபதி தியாமரேயோடு சாப்பிட உட்கார்ந்தபோது செங்கர் சன்னல் பக்கம் திரும்பவே இல்லையாம். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க, எதிரியின் முனை முழுக்கத் தெரியும். பார்த்துவிட்டால் மடத்தை வேவுபார்க்கும் இடமாகப் பயன்படுத்தினது போலாகிவிடும்.

இதைப் படிக்கும்போது யாருக்கும் மரியாதை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அதே மலையில் மடத்துச் சுவருக்குச் சற்றுக் கீழே அவருடைய ஆட்கள் இயந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கீழே சேற்றில் கிடந்தவனுக்கு, மேலே இருக்கும் நூறு சன்னலில் எதிலிருந்து பார்க்கிறான் என்று எப்படித் தெரியும்?

பிப்ரவரி 15 காலை 200க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. மடம் இடிந்தது. செத்தவர்கள் அங்கே அடைக்கலம் புகுந்திருந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள். மலையில் இருந்த நம் இந்திய டிவிஷன் வீரர்களுக்கு இன்று குண்டு விழப்போகிறது என்றே யாரும் சொல்லியிருக்கவில்லை, தாக்கவும் அவர்கள் தயாராக இல்லை. அன்று இரவு ஒரே ஒரு கம்பெனி முன்னேறித் திரும்பியது. இப்போது இடிபாடு, அதில் நடுநிலை ஏது? ஜெர்மன் பாராசூட் வீரர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். முழுக் கட்டடத்தைவிட இடிந்த கட்டடம் காப்பதற்கு வசதி. அடுத்த சில வாரங்களில் 4ஆவது இந்திய டிவிஷன் அந்தச் சரிவுகளில் ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்து மார்ச் கடைசியில் பின்னால் எடுக்கப்பட்டது.

எண்பது வயதை நெருங்கிய மடாதிபதி இடிபாட்டிலிருந்து சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்து வெளியே வந்தார். செங்கர் அவரைத் தன் தலைமையகத்துக்கு அழைத்து உபசரித்தார். மடத்தில் ஜெர்மன் வீரர்கள் இல்லை என்று மடாதிபதி வானொலிக்காகச் சொன்னதைப் பதிவுசெய்தார். பிறகு ரோமுக்குக் காரில் அனுப்பினார். வழியிலேயே கோயபல்ஸின் பிரச்சார ஆட்கள் கிழவரைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் இழுத்தடித்து, இன்னும் காட்டமாகப் பேசு, இதில் கையெழுத்துப் போடு என்று பாடாய்ப்படுத்தினார்கள். செங்கருக்குக் கடும் கோபம். எனக்கு அந்தக் கோபத்தைப் பார்த்து வியப்பாக இருக்கிறது. பதினோரு வருடமாக யாரிடம் வேலை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்?

தெரியாமல் இல்லை. நாஜிகளை அவருக்குப் பிடிக்காது, நெருங்கியவர்களிடம் மறைத்ததும் இல்லை. யுத்தம் தோற்றுவிட்டது என்றும் 1943லேயே தெரியும். ஏப்ரல் 1944இல் கசினோவைக் காத்ததற்காக இரும்புச் சிலுவையின் ஓக் இலைப் பதக்கத்தை ஹிட்லரிடமே போய் வாங்கினார். ஹிட்லரின் பொருத்தமில்லாத உடையையும் களைத்துப்போன தோற்றத்தையும் நினைவுக்குறிப்பில் ஏளனமாக எழுதியிருக்கிறார். அப்படியே ஜெர்மனியில் தங்கி, அதிகாரிகளுக்கான அரசியல் வகுப்பிலும் உட்கார வேண்டியிருந்தது. மே 11 இரவு நேச நாடுகளின் கடைசிப் பெருந்தாக்குதல் தொடங்கியபோது கசினோவின் காவலர் கசினோவில் இல்லை! அவர் திரும்பிவந்த அடுத்த நாள், மே 18 காலை, போலந்து வீரர்கள் மடத்து இடிபாட்டில் கொடி ஏற்றிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம்மில் யாருக்கும் கும்பகர்ணன் ஞாபகம் வராமல் இருக்காது. அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும், உண்ட சோற்றுக்காகப் போய்ச் செத்தவன். கம்பன் அவனுக்குக் கொடுத்த இடம் பெரிது, நாமும் அவனை மதிக்கிறோம். செங்கரைப் பற்றி எழுதுகிற ஐரோப்பியர்களுக்குக் கம்பனைத் தெரியாது, ஆனால் அவர்கள் எழுதுவது ஏறக்குறைய இந்தக் கதையைத்தான்: அதர்மத்தின் பக்கம் மாட்டிக்கொண்ட தர்மவான். நான் ஒப்பமாட்டேன். கும்பகர்ணன் போர்க்களத்துக்குப் போவதற்கு முன் சபையில் ராவணன் முகத்துக்கு நேரே, சீதையை விட்டுவிடு என்றான். செங்கர் ராவணனுக்கு எதிரே நின்றது பதக்கம் வாங்க. சொல்லவேண்டியதைச் சொன்னது பதினாறு வருடம் கழித்து, 1960இல் வந்த புத்தகத்தில். 1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்ல முயன்ற அதிகாரிகளின் கூட்டத்திலும் அவர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கும்பகர்ணன் செத்தான். செங்கர் சாகவில்லை, தோற்கவும் அவசரப்படவில்லை. திறமை என்பது இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்கிறது? கசினோவில் நான்கு மாதம் எதிரியை நிறுத்தினார். பிறகு இன்னும் ஒரு வருடம் பொலோன்யா வரை மலைக்கு மலை பின்வாங்கிச் சண்டை போட்டார். ஜெர்மன் முனை அங்கங்கே நின்றதால்தான் அதற்குப் பின்னால் எஸ்.எஸ். ஆட்கள் வேலை செய்ய முடிந்தது. 1944 ஆகஸ்ட் 12 அன்று டஸ்கனியில் சாந்தன்னா தி ஸ்தாத்ஸெமா என்ற மலைக்கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 560 பேரை ஒரே காலையில் கொன்றார்கள். செங்கர் சுடவில்லை, சுடச் சொல்லவும் இல்லை. அவரைப் போன்றவர்கள் நன்றாகச் சண்டை போட்டார்கள், அவ்வளவுதான். திறமையில்லாத தளபதியாக இருந்திருந்தால் ஒருவேளை உலகத்துக்கு நல்லதாக இருந்திருக்கும்.

முன்வரிசையில் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது கசப்பாக இருக்கலாம்: சிப்பாய் கேள்வி கேட்க ஆரம்பித்தால் ராணுவம் எங்கே? சரிதான். அப்படியானால் நம் சுபேதாரையும் அதே தராசில் வைக்கவேண்டும். 1944இல் அவர் யாருக்காகச் சண்டை போட்டார்? காந்தியையும் நேருவையும் சிறையில் அடைத்துவைத்திருந்த அரசாங்கத்துக்காக. அதற்கு முந்தின வருடம் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் பஞ்சத்தில் சாகும்போது கையைக் கட்டிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்காக. அவரைப்போல 25 லட்சம் இந்தியர்கள் அந்த ராணுவத்தில் இருந்தார்கள், பெரும்பாலோர் சம்பளத்துக்காகப் போனவர்கள். அதில் எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது பதவியில் இருக்கிறது. சுபேதாரின் கைக்கு எட்டியது பின்னால் வந்த நாலைந்து பேர் உயிர். எட்டியதை முழுக்கச் செய்தார். செங்கரின் கைக்கு எட்டியது ஒரு கோர், ஒரு மலைத்தொடர், ஒரு வருட யுத்தம். அந்த அளவுக்கு எட்டுகிற கை தன் மனசாட்சியை 200 கைதிகளுக்கும் ஒரு மடத்துக்கும் மட்டும் ஒதுக்கிவைத்துக்கொண்டது. அங்கே சுத்தமாக இருந்தது. மற்ற இடத்தில் தொழில்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945 மே முதல் வாரம் இத்தாலியில் ஜெர்மன் படை சரணடைந்தபோது, அதன் சார்பில் ஃப்ளாரன்ஸுக்குப் போய் அமெரிக்கத் தளபதி மார்க் கிளார்க் முன்னால் நின்றவர் செங்கர்தான். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வேல்ஸில் கைதி முகாம், 1948இல் விடுதலை. பிறகு ஒரு பள்ளியில் ஆசிரியர், பத்திரிகைக்கும் வானொலிக்கும் ராணுவ விமர்சகர். 1963 ஜனவரியில் இறந்தார். மகனும் மேற்கு ஜெர்மன் ராணுவத்தில் தளபதியாகி நேட்டோவில் பெரிய பதவிக்கு வந்தார்.

ஒன்று மட்டும் பாக்கி. 1950 அக்டோபரில் மேற்கு ஜெர்மனிக்குப் புது ராணுவம் அமைப்பது பற்றி யோசிக்கப் பழைய அதிகாரிகள் 15 பேர் ரகசியமாகக் கூடினார்கள். கூடிய இடம் ஹிம்மரோட், அதுவும் ஒரு மடம்தான். செங்கர் அந்தப் பதினைந்தில் ஒருவர். அவர்கள் எழுதிய குறிப்பில் ராணுவ யோசனைகளோடு சில நிபந்தனைகளும் இருந்தன: ஜெர்மன் சிப்பாயின் மானத்தை மீட்டுத்தர வேண்டும், போர்க்குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ராணுவத்தினரை விடுவிக்கவேண்டும். கோர்சிகாவில் முடியாது என்று சொன்னவர், முடியும் என்று சொல்லிச் செய்தவர்களுக்காக அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே எழுந்து, மறுத்திருக்கலாம், நான் மறுத்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பு வேறு மாதிரி வந்திருக்கும்.

இவ்வளவுதான். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். ரோம்மலைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.